கீல் இல்லாத பானெட்

லைமா, ஒஹாயோ
ஆகஸ்ட் 14

மதிப்பிற்குரிய மைத்துனர் ராய்ஸ் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் வெர்ன் எழுதிக்கொண்டது. இங்கு நான், கார், பூனை மூவரும் சுகம். அங்கு உங்கள் குடும்பத்தாரும், பதினெட்டு நாளாக உங்களோடு தங்கியிருக்கும் உங்கள் அக்கா நடீனும், அவளுடைய கணுக்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. அதனால் கடிதம்.

நடந்ததை அவள் தன் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பாள். என்னைக் கேட்டால் தப்பு 1969-இல் என் காரைச் செய்தவர்கள்மேல்தான். அந்த வருஷம் சில மாதங்கள் மட்டும், கேட்டு வாங்கியவர்களுக்கு ஃபைபரில் ஒரு கறுப்பு பானெட் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குக் கீலே கிடையாது. நாலு மூலையிலும் நாலு பின். அவற்றை உருவிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அப்படியே தூக்கித் தரையில் வைக்க வேண்டும். ஆயில் பார்ப்பதென்றாலும் இரண்டு பேர் வேண்டும். எடை குறைந்தால் கார் பறக்கும் என்று கணக்குப் போட்டவனுக்கு, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போவாள் என்பது தோன்றவில்லை பாருங்கள். முப்பத்தோரு வருஷமாக இடப்பக்கம் நடீன், வலப்பக்கம் நான். பெயின்ட்டில் விரல் தடம் படாமலிருக்க அவளுக்கென்று வெள்ளைக் கையுறைகூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் மைதானத்தில் கார் கண்காட்சி. நடுவர்கள் வண்டியைத் தொட மாட்டார்கள், சொந்தக்காரர்தான் திறந்து காட்ட வேண்டும், அதுதான் முறை. நாங்கள் தூக்கிக்கொண்டு நகரும்போது ஒரு காற்று அடித்தது, நடீன் மடக்கு நாற்காலியில் கால் தட்டிச் சாய்ந்தாள், நான் சட்டென்று பிடித்துவிட்டேன். பானெட்டை. அவ புல்லுல கிடக்கிறா, நான் "பெயின்ட், பெயின்ட்"னு கத்தினேனாம், கத்தினேன்தான், இல்லேங்கல. நடுவர்கள் கைதட்டினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாள்:

"வெர்ன், ரெண்டு கை இருந்துச்சு உனக்கு. ஒண்ணுகூடவா என் பக்கம் வரல?"

பிறகு நொண்டிக்கொண்டே பெட்டி கட்டினாள். அதையும் என்னைத் தூக்க விடவில்லை.

வருகிற சனிக்கிழமை பெரிய கண்காட்சி. பானெட்டின் அடியில் தொழிற்சாலை முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, அசல் என்று எழுதிக் கொடுப்பார்கள். இதற்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஏர்ல் தூக்க வருகிறேன் என்றார். நல்ல மனுஷன்தான், ஆனா இடுப்புல சாசர் அளவுக்கு ஒரு பெல்ட் பக்கிள், கையில எப்பவும் வறுத்த கோழி. பெயின்ட்டுல கீறலும் எண்ணெய்க் கறையும் விழும், அவரை என் கார் கிட்ட விடுவேனா? நடீனைப் பானெட்டுக்காகக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அப்படி இல்லவே இல்லை. ஆனால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் வந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. கையுறையை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். வீடு முழுக்கத் தேடிவிட்டேன், அதையும் எடுத்துப் போயிருக்கிறாள்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உங்கள் தக்காளிச் செடிகளும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
வெர்ன் ஸ்டக்கி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்கு முன் பானெட்டின் அடியிலிருக்கும் முத்திரையை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தனியாகவே தூக்கினேன். காற்று வந்தது. பானெட் இரண்டாகிவிட்டது. ஒரு பாதி வேலி தாண்டி ஏர்ல் வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது. அவர் கையைக் கழுவி, பக்கிளைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுக்கொண்டு, அதை அணைத்துத் தூக்கி வந்து வைத்தார். முத்திரை இருந்தது, அசல்தான். அதற்கு எனக்குச் சந்தோஷமே வரவில்லை ராய்ஸ். அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. மேலே சனிக்கிழமை என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள், என்றைக்கு வந்தாலும் சரி. இங்கே இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியது இனி ஒன்றும் இல்லை. கையுறை வேண்டாம் என்று சொல்லுங்கள்.