எலி கடித்த கேஸ் டியூப்

அன்புள்ள மாப்பிள்ளை செங்குட்டுவனுக்கு, கொருக்குப்பேட்டையிலிருந்து மாமனார் பக்தவச்சலம் எழுதுவது. நீங்களும் மகிழினியும் பச்சைக் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே பெரம்பூரில் உங்களோடு தங்கியிருக்கும் உங்கள் அத்தை பூவம்மா பக்கத்தில் நின்று கேட்டுவிடுவாள். அதனால்தான் கடிதம். தனியாகப் படிக்கவும்.

நேற்றுக் காலை பால் காய்ச்சப் போனால் அடுப்படி முழுக்க கேஸ் வாடை. குனிந்து பார்த்தேன். சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வரும் டியூபை எலி கடித்து வைத்திருந்தது. ரெகுலேட்டரை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன், பழக்கதோஷத்தில் ஏதாவது சுவிட்சைத் தட்டிவிடுவேனோ என்று இரண்டு கையையும் கட்டிக்கொண்டே தெருவுக்கு ஓடிவந்தேன். அங்கே பக்கத்து வீட்டு லட்சுமணன், "இதுக்கா பேஜாராவுற நைனா? எங்கிட்ட டேப்பு கீது, நாலு சுத்து சுத்துனா முட்ஞ்சிது" என்று உள்ளே நுழையப் பார்த்தார். மாடி வீட்டு செல்லம்மா மேலேயிருந்து, "யோவ், டேப்பு ஒட்ட அது இன்னா கிழிஞ்ச புக்கா? புது டியூபு மாத்தணும்யா. வாய்ல பீடி வேற பத்திகினு கீது" என்றாள். பார்த்தால் பீடி புகைகிறது. அவரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் விட்டேன். திரும்பி வந்தால் பார்சல் கொண்டுவந்த பெண் நம் காலிங்பெல்லை அழுத்தப் போகிறாள். உள்ளே பொறி பறந்தால் என்ன ஆவது? பாய்ந்து குறுக்கே உள்ளங்கையை வைத்தேன். அவள் என் கையையே அழுத்தினாள்.

"இன்னா தாத்தா, வூட்ல ஆள் இல்லியா?"

"நான்தாம்மா ஆளு. என்னாண்டயே குடு."

கேஸ் ஏஜென்சிக்குத் தெருவில் நின்றே போன் செய்தேன். வந்தவர் பழைய டியூபைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட புதியதை மாட்டி, கிளிப் இறுக்கி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். குமிழி வரவில்லை. இன்னொரு தரம் பாருங்கள் என்றேன், பார்த்தார். மறுபடியும் கேட்டேன். "சார், இதுக்கு மேல தடவுனா துணி தொவைக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் குழந்தையை இங்கே அழைத்துவரப் போகிறீர்கள். அந்தச் சின்ன மூக்குக்கு வாடை தெரியுமா, தெரிந்தாலும் சொல்ல வாய் உண்டா என்று நினைத்து ராத்திரி தூக்கமில்லை. மற்றபடி பயம் ஒன்றுமில்லை. நானே சமைத்து நன்றாகச் சாப்பிடுகிறேன். பெரம்பூருக்கு வா வா என்று என்னைக் கூப்பிட வேண்டாம். பூவம்மாவிடம் மூச்சு விட வேண்டாம்.

மகிழினிக்கு என் ஆசிகள். பேத்தியின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
பக்தவச்சலம்

பி.கு.: அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. தீப்பெட்டியை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன். நேற்றிலிருந்து பன்னும் வாழைப்பழமும்தான். ஆகவே இந்தக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். உலையில் எனக்கும் ஒரு பிடி அரிசி போடச் சொல்லவும். கதவைத் திறப்பது பூவம்மாவாக இருந்தால் கடிதம் சட்டைப்பையை விட்டு வெளியே வராது, அவள் நகர்ந்த பிறகு தருவேன். பேத்தியைப் பார்க்க வந்தேன் என்பேன். நீங்களும் அதையே சொல்லவும்.