கடல் தாண்டாத ஜோசையாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு பிள்ளை

என் வாழ்நாளில் நான் பொய்ச் சாட்சி சொன்னது ஒரே ஒருவருக்கு எதிராகத்தான். அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர்க்காரர். விவசாயி, சபையில் மூப்பர், ஒரே மனைவியோடு ஒழுங்காக வாழ்ந்து முடித்தவர். பெயர் ஜோசையா வெதர்பி. அந்த உத்தமருக்குத் திண்டிவனத்தில் ஒரு ரகசிய மனைவியையும் ஒரு பிள்ளையையும் ஏற்பாடு செய்து கொடுத்தது நான்தான். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்தடிக்கு ஆறடியில் ஃப்ளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டினேன்.

வெதர்பி என்பது எங்கள் குடும்பப் பெயர். அப்பா தேவராஜ் வெதர்பி. நான் எஸ்தர் வெதர்பி. ரேஷன் கார்டில் மட்டும் நாங்கள் 'வெத்துப்பை'. (திருத்தச் சொல்லி மூன்று முறை எழுதிக்கொடுத்தோம். மூன்றாவது முறை 'வெத்துப்பாய்' என்று வந்தது. அதற்கு மேல் விட்டுவிட்டோம்.) எங்கள் தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் அப்பா பெயரும் தாத்தா பெயரும் ஒழுங்காக இருக்கும்போது எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு பெயர் என்று கேட்டால், அப்பா நெஞ்சை நிமிர்த்துவார்.

"எங்க தாத்தா நத்தானியேல் வெதர்பி, வெள்ளக்காரனுக்குப் பொறந்தவரு. அமெரிக்காவுல மொதமொதல்ல கப்பல்ல போயி எறங்கினாங்க பாரு, அந்தக் கூட்டம் நாம."

சின்ன வயதில் யாரோ ஒரு மிஷன் டீச்சர், 'வெதர்பி ரொம்பப் பழைய பெயர், முதலில் போய்க் குடியேறியவர்களில் அந்தப் பெயர் உண்டு' என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அதை அப்பா அறுபது வருஷமாக வைத்துக் காப்பாற்றினார்.

அப்பா ஒரு பள்ளிக்கூட லேபில் அட்டெண்டராக இருந்து சோதனைக் குழாய்களைக் கழுவியே ரிட்டையர் ஆனவர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், டீக்கடையில் புதிதாக வந்தவர், வீடு வாடகைக்கு விடுகிறவர் என எல்லோரும் கொஞ்சம் பேசிப் பழகிவிட்டு அந்தக் கேள்விக்கு வருவார்கள்: "நீங்க இன்னா ஆளுங்க?"

அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்வார்: "அமெரிக்கா ஆளுங்க."

டீக்கடைக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். வீடு கிடைக்காமல் திரும்பி வந்த நாளில்கூட, அந்தப் பதிலைச் சொன்ன திருப்தி மட்டும் அவர் முகத்தில் இருக்கும். அவர் கையில் இருந்த பதில் அது ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. விழுப்புரத்தில் ஒரு ஆபீசில் டேட்டா என்ட்ரி. தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் போய் வருவேன். ஆபீசில் வேலை இல்லாத ஒரு மதியம், வம்சாவளி தேடும் வெப்சைட் ஒன்றில் எங்கள் பெயரைத் தட்டினேன். அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் பதினோரு தலைமுறை சேர்த்துவிட்டேன். உச்சியில், கப்பலிலிருந்து இறங்கிய எபனேசர் வெதர்பி. அடியில் நாங்கள். நடுவில் ஒரே ஒரு கண்ணிதான் குறைந்தது.

அதையும் கண்டுபிடித்தேன். ஜோசையாவின் பிள்ளைகளில் ஒரு நத்தானியேல் இருந்தான். பிறந்த வருஷம் ஏறக்குறையச் சரி. இறந்த இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் 'திண்டிவனம்' என்று தட்டினேன். ஒரு சிக்கல். எங்கள் கொள்ளுத்தாத்தா புகைப்படத்தில் எங்களைப் போலவே நல்ல கறுப்பு. ஆகவே அவருடைய அம்மா தமிழச்சி. ஆகவே ஜோசையா இங்கே வந்திருக்க வேண்டும். ஆகவே வந்தார். (நான் படித்தது பி.எஸ்ஸி. கணிதம்.)

அந்த வெப்சைட்டில் ஜோசையாவின் கொள்ளுப்பேத்தி ரூத் என்ற அம்மாள் இருந்தார். ரிட்டையரான நூலகர். 'உங்கள் கொள்ளுத்தாத்தா இந்தியாவில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார், அந்தக் கிளை நாங்கள்' என்று அவருக்கு மூன்று பக்கத்துக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. 'ஜனவரியில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், குயிலாப்பாளையத்தில் ஒரு சிநேகிதி வீட்டுக்கு வருகிறேன். இந்தப் பெயரைப் பற்றி என்னிடமும் ஒரு விஷயம் இருக்கிறது. நேரில் சொல்வதுதான் நல்லது.'

அதை வாசித்துக் காட்டியதும் அப்பா சட்டை போடாமல் தெருவுக்குப் போய்விட்டார். "சொந்தக்காரங்க வந்துக்கினு இருக்காங்க! அமெரிக்காவுலேர்ந்து!"

அதன் பிறகு எதுவும் என் கையில் இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஃப்ளெக்ஸ் என் யோசனை. ஒரு பக்கம் கொள்ளுத்தாத்தா, மறுபக்கம் அப்பா, நடுவில் எபனேசர் வந்த கப்பல். பாய்மரக் கப்பல் வேண்டும் என்று நான் தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் நான்கு புகைபோக்கி வைத்த ஒரு சொகுசுக் கப்பலைப் போட்டிருந்தார். "இது பெருசா இருக்குதே மேடம், பார்வையா இருக்கும்" என்றார். கோலியனூரில் கட்டிக்கொடுத்த சுகுணா அத்தையை ஆதாரத்துக்காக வரவழைத்தோம். அத்தைக்குப் பூனைக்கண். வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

"எவ்ளோ நேரம்டி கண்ண முழிச்சிக்கினே இருக்கறது? தண்ணி தண்ணியா ஊத்துது" என்றாள் அத்தை.

"அவங்க பாக்கற வரைக்கும்தான் அத்த."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரூத் அம்மா வந்தார். வெள்ளை முடி, பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. தெருமுனையில் காரை நிறுத்தி ஃப்ளெக்ஸை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மாலை போட்டார். வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்ப எனக்கு அக்கா முறை" என்று அங்கேயே உறவை முடிவு செய்தார். வாசலில் போட்ட பந்தலில் முப்பது நாற்காலி. முன்வரிசையில் எங்கள் சர்ச் ஐயர், அவருக்குப் பக்கத்தில் பால்ராஜ் சார். அப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தியவர். அவரை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

ரூத் அம்மா பேச எழுந்தார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன்.

அவர் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: "எஸ்தர் எழுதியதைப் படித்தேன். ஆனால் ஜோசையா இந்தியாவுக்கு வரவே இல்லை. அவர் கடலையே பார்த்தாரா என்பதுகூடச் சந்தேகம்."

அப்பாவைப் பார்த்தேன். புது வேட்டி, புதுச் சட்டை, முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் வாய் தானாகப் பேசியது: "ஜோசையா ஐயா இந்தியாவ மறக்கவே இல்லியாம்!"

பந்தலே கைதட்டியது. ரூத் அம்மா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பிறகு குரல் தழுதழுக்கத் தொடர்ந்தார்: "அவருடைய மகன் நத்தானியேல் நான்கு வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டான். அம்மாவின் மடியிலேயே உயிர் போயிற்று."

"நத்தானியேல் நாலு வயசு வரைக்கும் அம்மா மடியவிட்டு எறங்கவே இல்லியாம்!"

இன்னும் பலமான கைதட்டல். யாரோ விசில்கூட அடித்தார்கள். ரூத் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு குழந்தையின் சாவைச் சொல்கிறார், முப்பது பேர் சந்தோஷமாகக் கைதட்டுகிறோம்.

பால்ராஜ் சார் எழுந்தார். வகுப்பில் பிட் அடித்தவளைப் பிடித்த அதே குரல். "எஸ்தர், போதும்மா. அந்தம்மா ஒரு புள்ள செத்துப்போனதச் சொல்றாங்க. நாம தட்டிக்கினு இருக்கோம்."

எங்கள் மானம் அப்போது கப்பலேறியது. (நான்கு புகைபோக்கியோடு.)

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், நீங்க சொல்லுங்க" என்றார்.

ரூத் அம்மா துணிப்பையிலிருந்து ஒரு கடிதத்தின் நகலை எடுத்தார். மகன் போன பிறகு ஜோசையாவின் மனைவி, இங்கே மிஷனில் இருந்த ஓர் அம்மாளுக்கு எழுதியிருக்கிறாள். அனாதைப் பிள்ளை ஒன்றுக்கு என் மகன் பெயரை வையுங்கள், அவனுக்கான சாப்பாட்டையும் துணியையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. அதற்கு இங்கிருந்து போன பதில்தான் ரூத் அம்மா கையில் இருந்தது. பால்ராஜ் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொன்னார்.

"இங்க பஞ்சம் கொடுமையா இருக்குது. திண்டிவனத்துக்குத் தெக்கால, ரோட்டோரத்துல ஒரு பையனக் கண்டெடுத்தோம். நாலு வயசு இருக்கலாம். பக்கத்துல யாரும் உசுரோட இல்ல. பேச மாட்டேங்கறான். அவன் பேரோ, அம்மா அப்பா பேரோ தெரியல. உங்க புள்ள பேர வெச்சிருக்கோம். மொதல்ல கூப்புட்டா அசைய மாட்டான். இப்ப நத்தானியேல்னு கூப்புட்டா திரும்பிப் பாக்கறான்."

கடிதத்தில் இருந்த வருஷம் 1877. அந்தத் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நான் பாடத்தில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அதில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் கிடந்தார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜன்னலோரத்திலிருந்து அத்தைதான் முதலில் பேசினாள். "அப்ப என் கண்ணு?"

அப்பா எழுந்து ரூத் அம்மா அருகில் போனார். "சார், அக்காகிட்ட கேளுங்க. பக்கத்துல யாரும் உசுரோட இல்லன்னா, யாரோ கெடந்திருக்காங்கன்னுதானே அர்த்தம்? அது அவன் ஆத்தாவா?"

கடிதத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றார் ரூத் அம்மா.

"அவனுக்கு மொதல்ல இருந்த பேரு?"

இல்லை.

அப்பா தலையை ஆட்டினார். "நாலு வயசுப் புள்ளைக்குத் தன் பேரு தெரியும் சார். பசியில வாய் வந்திருக்காது. வாய் வந்தப்ப யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

பால்ராஜ் சாரால் அதை இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் சொன்னேன். இந்த முறை சரியாக.

சாப்பிடுவதற்கு முன், கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைப் பார்க்கலாமா என்று ரூத் அம்மா கேட்டார். அப்பாவும் அவரும் நானும் போனோம். சுண்ணாம்பு உதிர்ந்த சின்னக் கல்லறை. அப்பா தோளிலிருந்த துண்டால் எழுத்துகளைத் துடைத்தார். நத்தானியேல் வெதர்பி, வயது அறுபத்திரண்டு. ரூத் அம்மா அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். அவர் ஊரிலும் அதே பெயரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருக்கிறதாம். அதில் வயது நான்கு.

"இங்கே அவன் வளர்ந்திருக்கிறான். நரைத்துக் கிழவனாகியிருக்கிறான்" என்றார்.

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். ரூத் அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஜோசையாவைப் பற்றி அப்படி எழுதியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜோசையா கோபப்பட்டிருப்பார். அவர் மனைவி பட்டிருக்க மாட்டாள்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பிரியாணி ஆறிப்போயிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் துக்க வீட்டில் சாப்பிடுகிற மாதிரி குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அதற்குப் பிறகு அமெரிக்காவைப் பற்றிப் பேசவில்லை. யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், "ரோட்டுல கெடச்ச ஆளுங்க" என்பார். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு மனுஷன் அறுபது வருஷம் சுமந்ததை, நாற்காலி போட்டு ஊரைக் கூட்டி இறக்கி வைத்தேன். இன்றைக்கும் சில நாள் ரயிலில் போகும்போது அதை நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இப்போது எங்கள் வீட்டில் நான் போனில் எதையாவது பூசி மெழுகினால் போதும், என் மகள் உள்ளேயிருந்து கத்துவாள்: "பால்ராஜ் சாரக் கூப்புடட்டுமா?" அவள் பால்ராஜ் சாரைப் பார்த்ததே இல்லை. அந்த வசனத்தை ஆரம்பித்து வைத்தது அப்பா.

அது சில வருஷங்களுக்கு முன்பு, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில். ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சொல்றாரு?"

"ஒண்ணுமில்லப்பா. சின்னக் கட்டிதானாம். மாத்திரையிலேயே கரைஞ்சிடுமாம்."

அப்பா என் முகத்தையே பார்த்தார். மெதுவாகச் சிரிப்பு வந்தது அவருக்கு.

"பால்ராஜ் சாரக் கூப்புடு."

"அவரு தவறிப்போயி ரெண்டு வருஷம் ஆச்சேப்பா."

"அப்ப நீயே ஒழுங்கா சொல்லு."

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.