செவி அமைச்சரின் கட்டுச்சோறு

நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று தேட வேண்டாம். வரைபடத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் யாரோ காப்பிக் குவளையை வைத்துக் கறையாக்கிவிட்டார்கள். அந்த நாட்டில் திட்டங்களுக்கு மட்டும் குறைவே கிடையாது. ஒரு மன்னர் கட்டிய பாலத்தை அடுத்த மன்னர் இடிப்பார். அதற்கும் அடுத்தவர் பட்டத்துக்கு வந்து, இங்கே ஒரு ஆறு இருந்ததாமே, எங்கே என்று கேட்பார். இப்படிச் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்த நாட்டில், புதிதாகப் பட்டம் கட்டிக்கொண்ட மன்னருக்கு ஒருநாள் குளிக்கும்போது ஞானம் பிறந்தது.

“இதுவரை மாடுகளை எண்ணினோம், வீடுகளை எண்ணினோம், தலைகளை எண்ணினோம். எண்ணிக்கை வாய் திறந்து பேசுமா? மனிதன்தான் பேசுவான். இனி எந்த வட்டாரத் திட்டமும் மக்கள் குரல் இல்லாமல் நகரக் கூடாது. அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அவர்கள் உண்பதை உண்ணுங்கள். மனம்விட்டுப் பேசச் சொல்லுங்கள். பேசியதை அப்படியே எழுதி வாருங்கள்” என்றார் ஈரத் துண்டோடு.

நல்ல யோசனைதான். உலகத்தில் வேறு எந்த நாடாக இருந்தாலும் ஊர் உருப்பட்டிருக்கும். நெடுங்கரையில்தான் அதில் ஒரு சிக்கல் இருந்தது.

அந்த நாட்டு வழக்கம் அப்படி. ஒருவர் சோற்றில் கை நனைத்த விருந்தாளி என்ன சொன்னாலும், அவர் சாப்பிட்ட இலை வாடும்வரை சோறு போட்டவர் மறுத்துப் பேசக் கூடாது. “நல்லாச் சொன்னீங்க” என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிப் பேசினால் அவர் வீட்டில் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து என்று எத்தனை பந்தி விரித்தாலும் பரிமாறியது அப்படியே கிடக்கும். கொலைக்குற்றம் செய்தவன்கூட அந்த நாட்டில் தலைநிமிர்ந்து நடந்ததுண்டு. விருந்தாளியிடம் சொன்ன சொல் தவறியவன் நடந்ததில்லை.

மன்னரின் ஆணைப்படி செவித் துறை என்று புதிதாக ஒன்று பிறந்தது. அதற்கு அமைச்சர் ஆனந்தக்கூத்தர். காது மந்தம் என்பதால்தான் அவருக்கு அந்தத் துறை கிடைத்தது என்று எதிரிகள் கதை கட்டினார்கள். அது அபாண்டம், மந்தம் வலது காதில் மட்டும்தான். அவரே ‘ஆழ்ந்து கேட்டல் விதிகள்’ என்று ஒரு நூல் எழுதினார். உடன் உண்ணாமல் பெற்ற குரல் வெறும் சத்தம், அது செல்லாது என்பது முதல் விதி. ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் குரல் நிறைந்துவிட்டது என்று பொருள், கேட்பவர் எழுந்து போகலாம் என்பது இரண்டாம் விதி. இலை வாடும் வழக்கம் அமைச்சருக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அமைச்சர்களைப் பற்றி உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது.

அல்லிவாய்க்கால் என்ற ஊரில் வடிவாம்பா என்று ஒருத்தி இருந்தாள். ஊருக்கு மேற்கே இருந்த சித்தேரியின் தண்ணீரை நம்பி வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தாள். வெற்றிலைக் கொடிக்கு ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் கோபம் வந்துவிடும். அவள் புருஷன் மாசிலாமணியைவிட அதற்குத்தான் ரோஷம் அதிகம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

செவித் துறையின் ஆட்கள் முதல்முறை வந்தபோது அவள் வீட்டில்தான் உட்கார்ந்தார்கள். கூடவே ஓர் அரசாங்க ஓவியரும் வந்து, அவர்கள் குனிந்து சாப்பிடுவதை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வரைந்தார். அவரைக்காய்ப் பொரியலும் மோரும் உள்ளே போன பிறகு, தலைமைச் செவியர் வாயைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

“உங்கள் நெற்களத்தின் வழியாக ஒரு பெருவழி போனால் ஊர் முன்னேறும் அல்லவா, அம்மணி?”

வடிவாம்பாவுக்குத் திக்கென்றது. களம் போனால் நெல்லை எங்கே அடிப்பது? ஆனால் இலை பச்சைப் பசேலென்று எதிரே கிடந்தது.

“நல்லாச் சொன்னீங்க” என்றாள்.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதே. குரல் நிறைந்துவிட்டது என்று செவியர்கள் எழுந்து போய்விட்டார்கள். இலை வாடியபோது அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். கொஞ்ச நாளில் பெருவழி வந்தது. அதில் போவதற்கு வண்டிதான் வரவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது, பொதுக்கிணற்று மேடையில் மன்னரின் சிலை நின்றால் ஊருக்கு அழகல்லவா என்று கேட்டார்கள். நல்லாச் சொன்னார்கள். இரண்டு காலையும் அகட்டி வைத்துக் கிணற்றுக்குக் குறுக்கே கம்பீரமாகச் சிலை நின்றது. தண்ணீர் எடுக்க வேண்டுமானால் மன்னரின் கால்களுக்கு இடையே வாளியை விட வேண்டும். அது ராஜ அவமதிப்பு என்று காவலுக்கு ஒருவரைப் போட்டார்கள். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு நடந்தார்கள்.

தலைநகரில் ஆனந்தக்கூத்தருக்குப் பாராட்டு விழா. “மக்கள் ஒருமித்துப் பேசுகிறார்கள். எதிர்க்குரல் ஒன்றுகூட இல்லை. கேட்கத் தெரிந்தால் நாடு எவ்வளவு இனிமையாகப் பேசுகிறது பாருங்கள்!” என்று அவர் உருகினார். இவ்வளவு அரிய குரல்களையெல்லாம் ஓலைகளாகக் கட்டிப் பரணில் போடுவதா என்று மன்னர் வருந்தினார். அவற்றைப் போற்றிக் காக்க ‘மக்கள் குரல் மாளிகை’ ஒன்று எழுப்ப முடிவானது. அதற்குப் பரந்த, தட்டையான, ஆட்சேபம் இல்லாத இடம் ஒன்று வேண்டும். சித்தேரியை மண் போட்டு மூடினால் அப்படி ஓர் இடம் கிடைக்கும் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த முறை அமைச்சரே நேரில் குரல் கேட்க வருவதாகத் தண்டோரா போட்டார்கள்.

வடிவாம்பா அன்று கொடிக்காலில் நின்றபடியே அழுதாள். வெற்றிலை போனால் குடும்பம் போயிற்று. குடிக்கத் தண்ணீரும் அந்த ஏரியில்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தாள்.

“இந்தத் தடவ அவருக்குச் சோறு கெடையாது” என்றாள் மாசிலாமணியிடம்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன பேச்சு பேசுற? வாசலுக்கு வந்த மனுசனுக்குச் சோறு இல்லைன்னு சொல்றதா? நாளைக்கு ஊர்ல தலகாட்ட முடியுமா?”

“ஊரே சொல்லிட்டா யாருக்குத் தலகாட்டணும்? சாப்பிட்டாத்தான விருந்தாளி? சாப்பிடலன்னா அவரும் நம்மள மாதிரி ஒரு ஆளு. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிப்புடலாம்.”

“சோறு இல்லைன்னு சொல்ல ஒரு காரணம் வேணாமா?”

“காரணம் எதுக்கு நாம தேடணும்? அதான் அவங்களே கட்டிக் குடுத்துருக்காங்களே!”

மாசிலாமணி கொஞ்ச நேரம் விழித்தான். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அமைச்சர் பல்லக்கில் வந்து இறங்கினார். எழுத்தர் ஏடும் கையுமாக இறங்கினார். ஓவியர் வண்ணக் கிண்ணங்களோடு இறங்கினார். ஊரில் ஒரு வீட்டிலும் புகை இல்லை. சனங்கள் எல்லோரும் ஏரிக்கரையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“அம்மணி, மக்களோடு மக்களாக அமர்ந்து உண்ண வந்திருக்கிறேன்” என்றார் அமைச்சர், ஓவியருக்குத் தன் இடது பக்கம் தெரியும்படி நின்றுகொண்டு.

“அய்யா வந்தது எங்க பாக்கியம். ஆனா இன்னிக்கு ஒல வைக்கலங்க.”

“ஏன் வைக்கவில்லை?”

“அரிசி இல்லீங்க. நெல்லு இருக்கு, அடிக்கக் களம் இல்ல. களத்துல உங்க பெருவழி போவுது.”

“கிணற்றுத் தண்ணீராவது கொடுங்கள்.”

“கெணத்துல மகாராசா நிக்கிறாரு. அவரு காலுக்கு நடுவுல வாளி வுட எங்களுக்கு மனசு வரலீங்க.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமைச்சர் வலது காதைத் திருப்பிக்கொண்டார். சித்தேரியை மூடி மக்கள் குரல் மாளிகை எழுப்பினால் மகிழ்ச்சிதானே என்று அவர் கேட்டார்.

“முடியாதுங்க” என்றாள் வடிவாம்பா.

அந்தச் சொல்லைச் செவித் துறை இதுவரை கேட்டதில்லை. எழுத்தர் எழுத்தாணியை உயர்த்தியபடி, அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் கொஞ்சமும் பதறவில்லை. புன்னகை செய்தார்.

“எழுதாதீர்கள். விதி ஒன்று: உடன் உண்ணாமல் பெற்ற குரல் வெறும் சத்தம். இப்போது கேட்டது சத்தம்.”

வடிவாம்பாவின் முகம் விழுந்துவிட்டது. இப்படி ஒரு வழி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. சோறு போட்டால் மறுக்க முடியாது, போடாவிட்டால் மறுத்தது செல்லாது. போச்சு, ஏரி போச்சு என்று நினைத்தாள். மாசிலாமணி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமைச்சர் அத்தோடு விட்டிருந்தால் மாளிகை எழும்பியிருக்கும். ஆனால் மக்கள் குரல் இல்லாமல் வெறும் ஏட்டோடு திரும்பினால் மன்னர் முகத்தில் எப்படி விழிப்பது? ஓவியருக்கும் ஒரு படம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அமைச்சருக்குப் பசி. பசி வந்த அமைச்சருக்கும் பசி வந்த மற்றவர்களுக்கும் மூளை ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

“உணவு இல்லை என்பதால் ஆழ்ந்து கேட்டல் நின்றுவிடலாகாது. பல்லக்கில் நமது கட்டுச்சோறு இருக்கிறது. புளியோதரை. எல்லோருக்கும் போதும். பந்தி விரியுங்கள்! உடன் உண்போம்!” என்று கையை வீசினார்.

வாழை இலைகள் விரிந்தன. அமைச்சர் தம் கையாலேயே முதல் கவளத்தை வடிவாம்பாவின் இலையில் வைத்தார். ஓவியர் பரபரவென்று வரைந்தார். வடிவாம்பா இலையைப் பார்த்தாள். அமைச்சரைப் பார்த்தாள். பிறகு அந்தக் கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எழுத்தருக்குத்தான் முதலில் உறைத்தது. அவர் அமைச்சரின் காதருகே ஓடிப் போய், “ஐயா, சோறு யாருடையது?” என்று கிசுகிசுத்தார். அவசரத்தில் வலது காதுப் பக்கம் போய்விட்டார்.

வடிவாம்பா நிதானமாக மென்று விழுங்கினாள். “இன்னும் கொஞ்சம் வைங்க. நல்லெண்ணெய் மணமா இருக்கு” என்று கேட்டு வாங்கி அதையும் சாப்பிட்டாள். விரலைத் துடைத்துக்கொண்டாள்.

“அமைச்சரய்யா, சித்தேரிய மூட வேணாம். அது இப்ப இருக்கிறாப்பலயே இருக்கட்டும்.”

ஆனந்தக்கூத்தர் வாயைத் திறந்தார். அப்போதுதான் எழுத்தர் சுற்றிவந்து இடது காதில் சொல்லி முடித்திருந்தார். “வருகிற மாதம் தங்கள் மகளுக்குத் திருமணம், ஐயா. நாடே சாப்பிட வருகிறது.” அமைச்சர் திறந்த வாயை மூடினார். இலை பச்சைப் பசேலென்று கிடந்தது.

“நன்றாகச்... சொன்னீர்கள்” என்றார் அமைச்சர்.

“எழுதிக்கிட்டீங்களா?” என்று எழுத்தரைக் கேட்டாள் வடிவாம்பா.

அதற்குள் ஊரே பந்தியில் உட்கார்ந்துவிட்டது. பல்லில்லாத கிழவர்கூட ஒரு பருக்கையை வாயில் ஒட்டவைத்துக்கொண்டு பேசினார். பெருவழியை எடுத்துவிட்டுக் களத்தைக் கொடுங்கள் என்றார் ஒருவர். நன்றாகச் சொன்னீர்கள். மகாராசா கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் என்றாள் ஒருத்தி. நன்றாகச் சொன்னீர்கள். பேசாமல் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுங்கள் என்றார்கள். நன்றாகச் சொன்னீர்கள். அமைச்சர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுத, முத்திரை மேல் முத்திரை விழுந்தது. வடிவாம்பாவுக்கு அடக்க முடியாத சந்தோஷம். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அமைச்சரே அவள் தலையில் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏரி பிழைத்தது. அந்த ஆண்டு வட்டாரத் திட்டத்தைப் படித்த மன்னர், மக்கள் இப்படியெல்லாம்கூடப் பேசுவார்களா என்று ஆச்சரியப்பட்டு, அது எப்படி நடந்தது என்று விசாரித்தார். விவரம் தெரிந்ததும் அன்றைக்கே ஓர் ஆணை பிறந்தது. அரசாங்க மனிதர்கள் குடிசைகளுக்குப் போய்ச் சாப்பிடலாம், ஓவியர்கள் வரையலாம். ஆனால் தங்கள் சோற்றைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் பொதுமக்கள் எவரும் அலுவலகத்துக்குள் நுழையக் கூடாது. நெடுங்கரையில் இந்தச் சட்டத்தை அதிகாரிகள் இன்றுவரை ஒருநாள்கூட மீறியதில்லை. மற்ற சட்டங்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

சில நாள் கழித்து, பக்கத்து ஊர்க் குளத்துக்கும் மண் வண்டிகள் போவதாகச் சேதி வந்தது. வடிவாம்பா அந்த ஊர்ப் பெண்களையும் கூட்டிக்கொண்டு தலைநகருக்குப் போனாள். செவித் துறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இலை போடும் சத்தமும், சாம்பார் தாளித்த வாசனையும். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

“சாப்பாட்டு நேரம்மா. அப்புறமா வாங்க.”

“தெரியும்ப்பா” என்றாள் வடிவாம்பா. “அதுக்குத்தான் இந்நேரம் பாத்து வந்துருக்கோம்.”