தவளையும் பெரோவ்ஸ்கைட் தகடும்

ஒரு காட்டில், திறப்பு விழா அன்று காலையில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: சிங்கம் ஒன்று, நரி ஒன்று, எருமைகள் மூன்று, நீர்நாய்கள் இரண்டு, புள்ளிமான்கள் ஆறு, மயில்கள் இரண்டு, நத்தைகள் நான்கு, உடும்பு ஒன்று, தவளை ஒன்று. மொத்தம் இருபத்தொன்று. எறும்புகளும் வந்திருந்தன. அவை ஓரிடத்தில் நிற்காததால் கணக்கில் சேர்க்கவில்லை. தவளையின் பிள்ளைகள் நாற்பத்தொன்று பக்கத்துக் குட்டையில் நீந்திக்கொண்டிருந்தன. தலைப்பிரட்டைகளுக்கு அழைப்பு இல்லை.

அந்தக் காட்டுச் சிங்கம் கர்ஜிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. தன் கர்ஜனையை ஒரு முறை நன்றாகச் செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அழுத்தும். தொண்டைக்கு நல்லது. ஆனால் போனுக்குச் சார்ஜ் வேண்டுமே. அதற்காகத்தான் நரி நகரத்துக்குப் போய் ஒரு தகடு கொண்டுவந்திருந்தது. வாழையிலை அகலம், வாழையிலையைவிட மெல்லிசு, நல்ல கறுப்பு. அதன்மேல் இறுக்கமாகக் கவிழ்த்த ஒரு கண்ணாடி மூடி.

"இதுக்குப் பேரு பெரோவ்ஸ்கைட், ராஜா," என்றது நரி. "ஒரு வகைப் படிகம். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கூண்டுங்க, வரிசை வரிசையா. ஒவ்வொரு கூண்டுக்குள்ளயும் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கூண்டைக் கலைக்காம உள்ளே இருக்கிறவரை மட்டும் மாத்தினா, படிகத்தோட குணமே மாறிடும். ஒண்ணு வெயில்ல மின்சாரம் எடுக்கும். ஒண்ணு விளக்கா எரியும். இன்னொண்ணு எக்ஸ்ரே பிடிக்கும்."

"நம்ம மந்திரிசபை மாதிரி," என்றது சிங்கம்.

"அதேதான் ராஜா. என்ன, இது வேலை செய்யும்."

சிங்கம் மூடியின் மேல் குனிந்தது. "இதில் என்னவோ எழுதியிருக்கிறதே."

"கழற்றக் கூடாதுன்னு போட்டிருக்கு. அது சாதாரண ஜனங்களுக்கு. திறப்பு விழான்னா எதையாவது திறக்கணும் இல்லையா?"

அதுவும் சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. சிங்கம் நகத்தைக் கொடுத்து நெம்பி மூடியைத் திறந்தது. கைதட்டினார்கள். நத்தைகள் கைதட்டவில்லை. மூடியை நரி புதருக்குள் வீசியது. தகட்டின் கறுப்புப் பரப்பில் சிங்கத்தின் முகம் தெரிந்தது. அது பிடரியை ஒதுக்கிக்கொண்டது. வெயில் ஏறியதும் போன் விர்ரென்று அதிர்ந்து சார்ஜ் ஏறத் தொடங்கியது. மறுபடியும் கைதட்டினார்கள்.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குட்டையில் குடியிருக்கும் தவளை, குமுதவல்லி என்று பெயர், தகட்டைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டு ஓரத்தில் கை வைத்தாள். அவள் விரல் பட்ட இடம் மஞ்சளாகிவிட்டது.

"ஐயையோ, கெட்டுப்போச்சா?" என்றாள்.

நரிக்கு ஒரு நிமிடம் முகம் வெளுத்தது. பிறகு அது வால் நிமிர்த்திச் சிரித்தது.

"கெட்டுப்போகல. கண்டுபிடிச்சிருக்கு! ராஜா, இந்தத் தகட்டுக்கு ஈரம் எங்கே இருக்குன்னு காட்டவும் தெரியும். ஒரே தகட்டில் ரெண்டு வேலை. தவளை ஈரமா இருக்குங்கிற உண்மை இவ்வளவு நாள் நமக்குத் தெரியாமலே இருந்திருக்கு."

கூட்டம் குமுதவல்லியைப் பார்த்தது. அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்த மூடியை மறுபடியும் போட்டுட்டா ஈரம் படாதே," என்றாள்.

"திறந்துவைத்ததை மூடுவதா?" என்றது சிங்கம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் சிங்கம் போனை அழுத்தி ஒரு கர்ஜனை விட்டு, ஆணையைச் சொன்னது. தகட்டுக்கு ஈரம் ஆகாது. ஆகவே காட்டில் ஈரம் இருக்கக் கூடாது. குட்டை தூர்க்கப்படும். ஒவ்வொருவரும் வரிசையில் வந்து தகட்டின் முன் நின்று "ஹா" என்று ஊத வேண்டும். தகடு மஞ்சளானால் ஊதியவர் காட்டை விட்டுப் போக வேண்டும். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

குட்டையைத் தூர்க்கும் வேலை எருமைகளிடம் வந்தது.

"டேய் நரி, நாங்க புரள்ற குட்டையை நாங்களே தூர்க்கணுமா?" என்றது மூத்த எருமை.

"வேற யாருக்கு அந்தக் குட்டையைப் பத்தி இவ்வளவு அனுபவம் இருக்கு, பெரியம்மா?"

எருமைகளுக்கு அது பாராட்டு மாதிரி இருந்தது. கரையை மிதிக்கப் போய்விட்டன.

குமுதவல்லி ஓடி வந்தாள். "நரியண்ணே, பிள்ளைங்களுக்குப் பின்னங்கால்தான் வந்திருக்கு. முன்னங்கால் வரணும், வால் விழணும். அதுவரைக்குமாவது தண்ணி விடுங்க. இப்பவே தூர்த்தா நாற்பத்தொண்ணும் கருவாடுதான்."

"உன் பிள்ளைங்க முன்னேற்றத்துக்காகக் காட்டோட முன்னேற்றத்தை நிறுத்த முடியுமாம்மா?"

"சரி, அந்தக் கண்ணாடி மூடியையாவது எடுத்துக்கட்டுமா?"

"அந்தக் குப்பையா? தாராளமா எடுத்துக்கோ."

கவிழ்த்தால் மூடி, மல்லாத்தினால் தொட்டி. நீர்நாய்கள் இரண்டும் அதில் குட்டைத் தண்ணீரை நிரப்பிப் பிள்ளைகளை வாரிப் போட்டன. குமுதவல்லி எண்ணினாள். நாற்பது. மறுபடி எண்ணினாள். நாற்பது. ஒன்று எருமையின் குளம்புப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துப் போட்டாள். மூத்த எருமையின் கொம்புகளுக்கு நடுவில் தொட்டி அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"ஊதச் சொன்னாங்களே, ஊதிட்டுப் போயிடுவோம்," என்றது எருமை. மூன்று எருமைகளும் மூச்சு விட்டதில் தகட்டில் ஒரு மூலை முழுக்க மஞ்சளாகிவிட்டது.

தவளை, எருமைகள், நீர்நாய்கள், ஆறு பேர் அன்றே கிளம்பினார்கள். நத்தைகள் நான்கும் அவர்களோடுதான் கிளம்பின.

மறுநாள் புள்ளிமான்கள் ஊதின. மான் மூக்கு எப்போதும் நனைந்துதான் இருக்கும். ஆறும் தேறவில்லை. மயில்கள் தேறின. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அவையாகவே பறந்துபோயின.

"கறுப்பு குறைகிற மாதிரி இருக்கிறதே," என்றது சிங்கம். உண்மையில் தகட்டில் பாதிதான் கறுப்பாக இருந்தது. போனில் சார்ஜும் பாதிதான் ஏறியது.

"காட்டில் இன்னும் ஈரம் பாக்கி இருக்குன்னு அர்த்தம், ராஜா. எவ்வளவு நேர்மையான தகடு பாருங்க."

இரண்டு வாரம் கழித்துச் சிங்கம் ஆணை போட நினைத்துப் போனை அழுத்தியது. போனிலிருந்து பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது. பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு சிரித்துவிட்டது. சிங்கத்துக்கு வந்த கோபத்தில், பல நாளுக்குப் பிறகு, சொந்தத் தொண்டையால் கர்ஜித்தது. காடு நடுங்கியது. நடுங்க இரண்டு பேர்தான் இருந்தார்கள், ஆனாலும் நடுங்கியது. கர்ஜனையோடு தெறித்த எச்சில் தகட்டின்மேல் பட்டது. பட்ட இடமெல்லாம் மஞ்சள் பொட்டு.

நரி தலையைக் குனிந்துகொண்டது. "ராஜா, எனக்குச் சொல்லவே வாய் வரல."

"என்ன?"

"விதிவிலக்கு கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சிங்கம் கொஞ்ச நேரம் தகட்டில் தன் முகத்தைத் தேடியது. மஞ்சளில் முகம் தெரியவில்லை. போனை வாயில் கவ்விக்கொண்டு கிழக்கே நடந்துபோய்விட்டது. நரி சிங்கத்தின் பாறையில் ஏறி உட்கார்ந்தது. கூண்டு அப்படியே இருந்தது, உள்ளே இருப்பவர் மாறியிருந்தார்.

அன்று பிற்பகல் மேகம் கட்டியது. யாரையும் கேட்காமல் மழை கொட்டியது. தகடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பழுத்த மாவிலை மாதிரி ஆகி, மேலே பூசியிருந்தது மஞ்சள் தண்ணீராக வழிந்தோடியது. சார்ஜ் ஏற்றவும் ஒன்றும் இல்லை, ஏற்றிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை.

நரி பாறைமேல் எழுந்து நின்று, நனைந்த வாலை ஆட்டியபடி அறிவித்தது: "பார்த்தீங்களா! மழை பெய்யுதுங்கிறதை எவ்வளவு துல்லியமாக் காட்டுது!"

"ஆமாம்," என்றது உடும்பு. "நான் இங்கே இருந்ததே வெயிலுக்காகத்தான்." அது இறங்கிப் போய்விட்டது.

எல்லைக்கு அப்பாலிருந்து தவளைச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு குரல். பிறகு குரல் பழகாத பிஞ்சுத் தொண்டைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மழை இரைச்சலிலும் எண்ண முடிந்தது. நாற்பத்திரண்டு.

அப்போது பாறைக்குக் கீழிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "அண்ணே." நத்தை. முதல் நாளே கிளம்பிய நான்கும் இன்னும் எல்லையைத் தொடவில்லை. "நாங்க போயிட்டே இருக்கணுமா, இல்லை திரும்பி வரணுமா?"

நரி அதை யோசித்துச் சொல்வதாகச் சொன்னது.

நீதி: திறப்பு விழா நன்றாக நடந்துவிட்டால், அதற்குப் பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் வானிலைதான் பொறுப்பு.

மீதி: ஐந்து.