காவல் கடிகாரத் துப்புரவு

1988 ஆனி பன்னிரண்டாம் தேதி, விழிதியூர் பம்பு நிலையத்தில் இருந்தவர்கள்: பொறியாளர் திருஞானசம்பந்தம், எழுத்தர் கமலாம்பாள், கம்ப்யூட்டர் பெட்டிக்குப் புரோகிராம் எழுதும் ஹமீது, மற்ற துறைகளின் சார்பில் நாற்காலிகளில் நால்வர், நாற்காலியில்லாமல் விவசாயி தங்கப்பன். ஆக எட்டுப் பேர். ஓடாத மோட்டார் ஒன்று.

தங்கப்பனுக்குப் பத்துக் குழி நாற்றங்கால். தண்ணீர் கண்டு ஆறு நாள். இன்னும் மூன்று நாள் போனால் மாட்டுக்குத்தான் ஆகும்.

மோட்டாரைக் கிளப்புவது அந்தப் பெட்டி. பெட்டியின் தொடக்கப் புரோகிராமுக்குள் ஒரு காவல் கடிகாரம் உண்டு. ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று நிமிடத்துக்கொரு முறை அதனிடம் சொல்ல வேண்டும். தவறினால் பெட்டியை அணைத்து முதலிலிருந்து தொடங்க வைக்கும். நல்ல ஏற்பாடு என்பதால் ஐந்து துறைகளும் ஆளுக்கொன்று எழுதி வைத்துவிட்டன.

“அஞ்சாவதுக்குச் சொல்லி முடிக்கறதுக்குள்ள முதல் கடிகாரத்துக்கு நிமிஷம் தாண்டிடுது சார்,” என்றான் ஹமீது. “மோட்டார் முறையே வரமாட்டேங்குது. நாலைத் துடைச்சிட்டா கால் மணியில தண்ணி.”

“பொதுநலன் கருதித் துடைக்கலாம், எங்களுடையது நீங்கலாக,” என்று பொறியாளர் மனமுவந்து இசைவளித்தார். மற்ற நால்வரும் அதே பெருந்தன்மையோடு அதையே சொன்னார்கள்.

கமலாம்பாள் எழுதினார்: ‘துப்புரவு ஏகமனதாக ஏற்கப்பட்டது. நீக்கத்தக்க கடிகாரம்: இல்லை.’

“நாத்து கருகுதுங்க,” என்றார் தங்கப்பன்.

பொறியாளர் யோசித்தார். “அஞ்சையும் எடுத்துட்டுப் பொதுவா ஒண்ணு வைக்கலாம். பயனாளிகள் பிரதிநிதியா நீங்க கையெழுத்துப் போட்டா எங்க மேல பொறுப்பு வராது.”

“போட்டுடுங்கண்ணே. இப்பவே துடைச்சிடறேன்,” என்றான் ஹமீது.

தங்கப்பனுக்கு நாற்காலி போடப்பட்டது. உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். காகிதத்தில் ஐந்து துறைகளின் பெயரும் இருந்தன. விழிதியூர் இல்லை.

“பொதுன்னா யாரோடது?”

“யாரோடதும் இல்ல.”

“இத்தனை நாள் ஆளுக்கொண்ணு வச்சிருந்தீங்க. எங்க முறை வர்றப்ப மட்டும் பொதுவா?” பேனாவை மூடினார். “ஊர் பேருக்கு ஒண்ணு வைங்க. அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துக்கலாம்.”

“அண்ணே, தண்ணி,” என்றான் ஹமீது.

“தண்ணி நாளைக்கு வரும் தம்பி. உரிமை வருமா?”

ஒரு விவசாயி நியாயமாகப் பேசி அதிகாரிகள் கேட்டது அன்றுதான். ஐவரும் எழுந்து கை குலுக்கினார்கள். ஆறாவது கடிகாரம் அன்று மாலையே எழுதப்பட்டது. துப்புரவு நிறைவெய்தியதாக மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று.

நாலாம் நாள் காலை தங்கப்பன் நாற்றங்காலில் இறங்கி, பச்சையாக நின்றவற்றை எண்ணினார். பதினேழு நாற்று.