மூன்றாம் ஷெட்டில் கிளாரினெட்

பத்தாவது வரைதான் படித்தவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டேப்பட் அண்ணன் வாசித்ததை முதல் நாளிலிருந்து முழுதாகக் கேட்டவர்கள் நானும் கோழிகளும்தான். கோழிகள் எழுதப்போவதில்லை.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்குக் குறைவில்லை. கோழிகளுக்குப் பயந்து வாழ்ந்த மனிதர் மட்டும் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

எங்கள் பண்ணை சேந்தமங்கலம் போகிற சாலையில், கொல்லிமலை எதிரே தெரிகிற இடத்தில் இருக்கிறது. எனக்கு முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் வேலை. ஜெனரேட்டரையும் தீவன மிஷினையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்கு முன் லாரிப் பட்டறையில் எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதற்கு டேப்பட் வைப்பது என்று பெயர். அதுவே அவர் பெயராகவும் ஆகிவிட்டது. மூன்றாம் ஷெட்டை ஒட்டிய அறையில் தனியாக இருந்தார்.

கிளாரினெட் வந்தது ஒரு பேண்டு செட்டுக்காரரிடமிருந்து. பட்டறையில் வேனை ரிப்பேருக்கு விட்டவர் குழலை மறந்து வைத்துவிட்டாராம். இவர் தேடிப்போய்க் கொடுத்தபோது, “அது கத்துதுங்க, நீங்களே வச்சுக்குங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

பேண்டுக்காரர் சொன்னதில் பொய்யில்லை. கீழ்ச் சுரங்களில் அது கிணற்றுக்குள்ளிருந்து யாரோ மெல்லப் பேசுவது போல இருக்கும். சாயங்கால வெயில் சாய்ந்து விழ, அதில் தீவனத் தூசி பொன்னாக மிதக்கும். அந்த நேரத்தில் அதைக் கேட்டால் என் கை முட்டையைப் பிடித்தபடியே நின்றுவிடும். மேலே ஏறும்போதுதான் வினை. ‘கீச்’ என்று ஒரு சத்தம் வரும். கோழிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. ஒரு கூண்டு படபடத்தால் ஷெட் முழுக்கப் படபடக்கும். அடுத்த நாள் முட்டை குறையும்.

“அது கொண்டை ஊசி வளைவு அம்மிணி. அங்க கியர் மாத்தோணும். மாத்தறப்ப வண்டி நடுங்குது” என்பார்.

ஒரு நாள் கீச்சுக்கு மூன்றாம் ஷெட்டோடு இரண்டாம் ஷெட்டும் சேர்ந்து எழுந்தது. முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. தலையில் ஒட்டியிருந்த இறகை எடுத்துப் போட்டுவிட்டு, “இன்னொருக்கா கோழி எந்திரிச்சா, கொழலா ரூமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க” என்றார்.

குழலை வீசிவிடச் சொல்லி எல்லோரும் புத்தி சொன்னார்கள். அவரோ, ரூமு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் என்று சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் அவர் கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டி வெளியே வந்திருந்தது. அந்த வயதில் எங்கே போவார் என்று நான்தான் அட்டையை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

பெட்டியில் துணி எதுவும் ஏறவில்லை. உள்ளேயிருந்து வால்வு இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள் வந்தன. வாயில் வைத்து ஊதுகிற மௌத்பீஸுக்கும் அதன்மேல் கட்டும் ரீடுக்கும் நடுவே அவற்றை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். மௌத்பீஸின் அடி வளைந்திருக்கிறது, கேஸ்கெட் போன எஞ்சின் மாதிரி காற்று கசிகிறது, அதனால்தான் கீச் என்று எனக்கு விளக்கினார். லாரிக் கண்ணாடித் துண்டின்மேல் வால்வு தேய்க்கிற பசையைத் தடவி, மௌத்பீஸைக் கவிழ்த்து வைத்துத் தேய்த்தார். கொஞ்சம் அதிகமாகவே தேய்த்ததில் காற்று போகிற இடைவெளியே இல்லாமல் போய்விட்டது. பிறகு கண் பிதுங்க ஊதியும் காற்றுகூட வரவில்லை. கோழிகள் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் சேலம் போய் எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் ஒரு மௌத்பீஸ் வாங்கி, துண்டில் சுற்றிப் பிறந்த குழந்தையைப் போல ஏந்தி வந்தார். கடையில் இருந்த அத்தனையையும் தகடு விட்டு அளந்தாராம். கடைக்காரர், “நீங்க வாங்கறீங்களா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தீங்களா?” என்று கேட்டாராம்.

அதன் பிறகு ரீடுக்காக அலைந்தார். நாணல் தட்டையைச் சீவிய அந்தச் சின்னப் பட்டைதான் அதிர்ந்து சத்தம் கொடுக்கிறது. கனமானது ஏற்றத்தில் திணறும், மெல்லியது இறக்கத்தில் பிரேக் பிடிக்காது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னார். முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக அவற்றை வைத்திருந்தார். நான் ஒருமுறை அசந்து அதன்மேல் முட்டை அடுக்கிவிட்டேன். அவர் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது, தூங்குகிற பிள்ளைமேல் போர்வை விலக்குவது போல இருந்தது.

ரீடு எச்சிலில் ஊறவேண்டும். அதனால் எந்நேரமும் வாயில் ஒன்று இருக்கும். ஒரு நாள் காலை, ஜெனரேட்டர் ஏன் ஓடவில்லை என்று முதலாளியம்மா கேட்டபோது அவர் “ம்ம்” என்றார். என்ன ஆச்சு என்றதற்கும் “ம்ம்” தான். வாய் வேறு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா பக்கவாதம்தான் என்று முடிவுகட்டி, அவரை முட்டை வேனிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் இவர் ரீடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நல்லா ஊறிருச்சுங்க” என்றாராம்.

அந்த ரீடுதான் கடைசியில் பொருந்தியது. நாலு நாள் கழித்து அவரே முதலாளியிடம் போய், கோழிகளுக்கு முன்னாலேயே வாசிக்கிறேன், ஒன்று எழுந்தாலும் பெட்டியைக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் முதலாளி தீவன மூட்டைமேல் வந்து உட்கார்ந்தார். நான் அட்டையும் கையுமாக ஓரத்தில் நின்றேன். டேப்பட் அண்ணன் கீழே தொடங்கினார். புது மௌத்பீஸில் சத்தம் வேறாக இருந்தது. தண்ணீருக்கு அடியில் விளக்கு எரிந்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். கோழிகள் கழுத்தைச் சாய்த்தன. வெளியே மலை நீலமாகி, கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது போல இருந்தது. வளைவு வந்தது. நான் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டேன். சத்தம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. கீச் இல்லை.

ஆனால் நடு வரிசையில் ஒரு கோழி சடாரென்று எழுந்து இறக்கையை அடித்தது. ஒன்றே ஒன்றுதான். முதலாளி திரும்பினார். குழல் நின்றது. டேப்பட் அண்ணன் குனிந்து ரீடைக் கழற்ற ஆரம்பித்தார்.

என் வாய் எப்படித் திறந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

“அது தண்ணி குடிக்க எந்திரிச்சதுங்க” என்றேன்.

முதலாளி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என் குரலைக் கேட்டதில்லை. கோழியைப் பார்த்தார். நல்ல வேளையாக அதுவும் குழாயில் அலகை வைத்தது. அவர் மூட்டையில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, “அந்த வளைவை இன்னொருக்கா ஏறுங்க” என்றார்.

இப்போது டேப்பட் அண்ணன் ஓமலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சாயங்காலம் வெயில் ஷெட்டுக்குள் சாயும்போது, நானும் கோழிகளும் கொஞ்ச நேரம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்கிறோம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முதலாளிக்கு வாசித்துக் காட்டியதற்கு அடுத்த நாள் முட்டை வழக்கம் போலத்தான் இருந்தது. அவரோ, அந்த ஒரு கோழியும் எழுந்திருக்கக் கூடாது என்று புது மௌத்பீஸையும் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.