முதுகு காட்டாதவன்

கதவு மூன்றாவது தடவையும் டமாரென்று அடித்தது. உள்ளே மேடையில் ஒருத்தி உச்சஸ்தாயியில் செத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, கதவைப் பிடியுங்கோ. அவ சாகிறது ஒருத்தருக்கும் கேக்கேல்லையாம்," என்றாள் படியில் நின்ற தக்ஷினி. அவளும் அங்கேதான் வேலை.

மயூரதன் ஓடிப்போய்ப் பிடித்தான். மொன்றியலின் அந்த ஒபரா மண்டபத்தில் அவன் தற்காலிக வாசல்காரன். இரண்டு வருடமாகத் தற்காலிகம். இன்று ஏதோ ஒரு குட்டி நாட்டு ராசா பாட்டுக் கேட்க வந்திருந்தார். பிசகில்லாமல் ஒப்பேற்றினால் திங்கட்கிழமை நிரந்தர வேலைக் கடிதம் என்று மேலாளர் அக்னெஸ் சொல்லியிருந்தாள். புறநகர் கர்க்லாண்டில் பெண்வீட்டார் அந்தக் கடிதத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒபராவில் ஒஃபிசர் என்று தரகர் ஏற்கெனவே அளந்துவிட்டார்.

அக்னெஸ் மூன்று சட்டங்கள் போட்டிருந்தாள். ராசா பேசும்வரை பேசாதே. அவருக்கு முதுகு காட்டாதே. அவர் வெளியே வந்தால், போகவேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போ.

ராசா வந்தபோது மயூரதன் குனிந்த குனிவில் கண்டது ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து மட்டுமே.

கதவின் பூட்டு பழுது. பனிக்காற்று தள்ளத் தள்ள அடித்தது. நிகழ்ச்சி நிரலை மடித்துச் செருகினான். அது நழுவி, கதவு முன்னையிலும் பலமாக அடித்தது. கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கட்டி இழுத்தான். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. கடைசியில் தன்னையே முட்டுக் கொடுத்தான்.

அப்போதுதான் நடைகூடத்தின் மறுகோடியில் ராசா தெரிந்தார்.

மார்பு முழுக்கப் பதக்கம். தோளில் சிவப்புப் பட்டி. இடுப்பில் வாள். ராசா என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும். அவர் அந்தரப்பட்டு அங்குமிங்கும் நடந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்து மூடினார்.

மயூரதனுக்குக் கதவை விடவும் முடியவில்லை, ராசாவை விடவும் முடியவில்லை. நல்லவேளையாக, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மெலிந்த கிழவர் கழிவறையிலிருந்து கை துடைத்தபடி வந்தார். மேலதிக வேலைக்கென்று ஏஜென்சி அனுப்பிய ஆறு பேருக்கும் கறுப்புக் கோட்டுத்தான்.

"ஏஜென்சியோ?"

கிழவர் புன்னகைத்தார். பாஷை விளங்கவில்லை போல.

மயூரதன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கதவில் வைத்தான். "ஹோல்ட். நான் வந்து சொல்லுமட்டும் நோ விடுதல்."

கிழவர் தலையாட்டிவிட்டு ஊன்றிப் பிடித்தார். சொன்ன உடனே செய்கிற ஏஜென்சி ஆளை மயூரதன் இதுவரை கண்டதில்லை. சப்பாத்துத்தான் சம்பளத்துக்கு மீறிப் பளபளத்தது.

ராசாவுக்கு முன்னால் போய்க் கும்பிட்டு நின்றான். அவர் பேசவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தண்ணீர் நீட்டினான், தட்டிவிட்டார். மணிக்கட்டைத் தட்டினார். பிறகு கீழே, கீழே என்று விரலைக் குத்தினார்.

அவசரம். கீழே. மயூரதனுக்கு விளங்கிவிட்டது. ராசாவுக்குரிய கழிவறை கீழ்த்தளத்தில்தான். ஆனால் வழி சொல்ல வாய் திறக்கக்கூடாது. வழிகாட்ட முன்னே போனால் முதுகு தெரியும்.

வேறொருவன் கலங்கியிருப்பான். மயூரதன் கோயில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வீதி முழுக்கப் பின்பக்கமாகவே நடந்து பழகியவன். கும்பிட்ட கையோடு பின்னால் நடக்கத் தொடங்கினான். ராசா பின்தொடர்ந்தார்.

இருபத்திரண்டு படி. ஒரு திருப்பம். இன்னொரு திருப்பத்தை மயூரதனின் முதுகு கவனிக்கவில்லை. காதில் கருவி மாட்டிய ஒருவன் இவர்களைக் கண்டு பதறி ஒரு கதவைத் திறந்துவிட்டான். இருட்டு. பிறகு திடீரென்று வெளிச்சம்.

இரண்டாயிரம் பேர் அவனது முதுகைப் பார்த்தார்கள். மேடையில் இருந்த நாற்பது பேர் மண்டியிட்டார்கள்.

ராசாவுக்கு முதுகு காட்டத்தான் தடை, சனத்துக்குக் காட்டலாம். ஆகவே மயூரதன் கும்பிட்டபடியே மேடையைக் குறுக்காகக் கடந்து மறுபக்கத்துத் திரைக்குள் மறைந்தான். ராசா வாய் திறந்து பாடினார். பாவம், அவ்வளவு அவசரத்திலும் நன்றாகவே பாடினார். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

திரைக்குள் குந்தியிருந்த மயூரதன், கர்க்லாண்டுப் பெண்ணை மனதுக்குள் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்து முடித்த நேரத்தில் தக்ஷினி மூச்சிரைக்க வந்தாள்.

"வேலை போயிட்டுதோ?" என்றான்.

"என்ன விசர்க்கதை. பாட்டுக்காரர் வழி தவறித் திரிஞ்சவராம். பாடமுந்தி வாய் திறந்தா தொண்டை கெட்டிடும் எண்டு ஆரிட்டையும் கேக்கவும் இல்லையாம். நீங்கள் கொண்டந்து விட்டிராட்டி எல்லாம் நாறியிருக்கும். அக்னெஸ் உங்கட கடிதத்தை இப்பவே அடிக்கிறா."

"பாட்டுக்காரரோ?" மயூரதன் மெல்ல எழுந்தான். "அப்ப ராசா எங்க?"

"மேல கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், அண்ணை. இனி விடலாமோ எண்டு உங்களைக் கேட்டுவரச் சொன்னவர்."